குப்பைத்தொட்டியில் போட்டால் பிளாப்பி வெளியே வரும்

ராஜபாளையம்
4-9-95

கர்த்தருக்குள் பிரியமான தங்கபாய் அக்காவுக்குத் தம்பி எலியேசர் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். என் வீட்டுக்காரி இன்பத்துக்கு மட்டும் இடுப்பு வலி விட்டபாடில்லை. அத்தான் ஆலங்குளம் சிமெண்டுத் தூசியில் இருமிக்கொண்டிருந்தாரே, இப்போது தேவலையா?

பஸ் ஏறினால் அரை மணியில் வந்துவிடலாம். ஆனால் நேரில் வந்தால் இலையை எடுக்குமுன் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் இனி எழுத்தில்தான். போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் முன்னால் என் கம்ப்யூட்டரைக் கரும்பலகை என்றாய். ஒரு மில்லுக்கே சம்பளம் போடுகிற யந்திரம் அது. உன்னுடையது என்ன? சிவகாசி அச்சகக்காரன் கழித்துக் கட்டிய மேக். படம் காட்டுகிறது, ஜன்னல் திறக்கிறது, சிரிக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் பூ வைப்பதற்கு அது சரிதான். உத்தியோகம் பார்க்கிறவனுக்கு, எழுத்தில் கட்டளை அடிக்கிற என் டாஸ்தான். நான் சொல்ல வேண்டும், அது செய்ய வேண்டும். அதற்குப் பெயர்தான் கம்ப்யூட்டர்.

ஒரு செய்தி. எங்கள் மேனேஜர் தனுஷ்கோடிக்குப் புதுப் பித்து பிடித்திருக்கிறது. விண்டோஸ் போட்ட யந்திரங்கள் வரப்போகின்றனவாம். டிசம்பரில் ஒரு டெஸ்ட் வைப்பார்களாம். தேறினவன் கம்ப்யூட்டர் அறையில் உட்காரலாம், தேறாதவன் பஞ்சு பேல் அடுக்குகிற குடோனுக்குப் போக வேண்டுமாம். ஒன்பது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் நான். மவுஸை உருட்டத் தெரியுமா என்று என்னைக் கேட்கிறார்கள்! சிரித்துவிட்டு வந்தேன்.

அத்தானை மருந்து விடாமல் சாப்பிடச் சொல்.

எலியேசர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
11-9-95

அன்புள்ள தம்பி எலியேசருக்கு அக்கா எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது. இன்பத்தை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் விடச் சொல். நீ குடம் தூக்கிக் கொடுத்தால் அவள் இடுப்பு பாதி சரியாகிவிடும்.

உன் யந்திரத்தைக் கரும்பலகை என்று சொன்னது தப்புதான். கரும்பலகையில் தப்பாக எழுதினால் அது திட்டாது. உன்னுடையதில் ஒரு புள்ளி விட்டுப்போனால் 'பேட் கமாண்ட்' என்று ஏசுகிறதே, அதைப் பக்கத்தில் நின்று நானே பார்த்திருக்கிறேன். எங்கே தப்பு என்றாவது சொல்கிறதா? சொல்லாது. நீ முழிக்க வேண்டும், அது கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு சும்மா நிற்கும். அந்தச் சொல்லையெல்லாம் நீ மனப்பாடம் செய்து வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம் என்று உனக்கு நினைப்பு. வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் உனக்கு அதில் உள்ள ருசி.

சரி, விஷயத்துக்கு வாரேன். குடோன் என்றால் பஞ்சுத் தூசி. உனக்கு நெஞ்சு அத்தானைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என் மேக்கில் உட்கார். விண்டோஸிலும் இதே மவுஸ்தான், இதே ஜன்னல்தான். கை பழகிவிடும். அப்பா வீட்டு முன்னறைதானே, சாவியும் உன்னிடம் ஒன்று இருக்கிறது. என் ஆபரேட்டர் ஏசம்மாளை வரச் சொல்கிறேன். சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். வாய் நீளம். ஆனால் சொல்லித் தருவதில் பொறுமை உண்டு.

கூச்சப்படாதே. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

தங்கபாய்


ராஜபாளையம்
20-9-95

அக்காவுக்கு எலியேசர் வணக்கம். சுகத்துக்குக் குறைவில்லை. அங்கேயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

உன் கடிதத்தை இன்பத்திடம் வாசித்துக் காட்டினேன். குடம் விஷயத்தை மட்டும் வாசிக்கவில்லை.

எனக்கு மேக்கில் பாடமா? அதுவும் பிளஸ் டூவில் கோட்டை விட்ட பெண்ணிடமா? நல்லா இருக்கு அக்கா. லோட்டஸில் நான் ஒரு சம்பள ஷீட் போட்டால் நானூறு பேர் வீட்டில் உலை வைக்கிறார்கள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இதைக் கிளிக் பண்ணுங்க அண்ணாச்சி, அதைக் கிளிக் பண்ணுங்க அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? மில்லில் தெரிந்தால் வாசல் வாட்ச்மேன் பால்ச்சாமிகூடச் சிரிப்பான்.

அந்த மவுஸ் ஒரு சோப்புக்கட்டி. பிடித்தால் வழுக்குகிறது. ஒரு காகிதத்தை இங்கேயிருந்து அங்கே வைக்க, இழுத்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் விரல் விட்டால் எங்கே விழுந்ததென்று தேட வேண்டும். நான் காப்பி என்று அடித்து, பெயரை அடித்து, எண்டர் தட்டினால் முடிந்தது. படம் பார்த்து வேலை செய்வது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு. உன் பெட்டியை நான் தொடமாட்டேன். இதை எழுதியே தருகிறேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லவும்.

எலியேசர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
8-10-95

எலியேசருக்கு,

நலம். நலம் என்று எழுதினால் போதும் உனக்கு, விசாரிப்பெல்லாம் மரியாதை தெரிந்தவர்களுக்கு.

நேற்று புரட்டாசிச் சனிக்கிழமை. நம் ஊருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலை மலைக்கோயில் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அதிலும் ஏசம்மாள் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒரு வீட்டார் மாப்பிள்ளை பெயரை மூன்று தடவை மாற்றினார்கள். மூன்று தடவையும் அவர்கள் காபி குடித்து முடிக்குமுன் மாற்றிக் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் திரையைப் பார்த்து, தன் பேரன் பெயரைத் தானே விரலால் தொட்டுக் காட்டினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும் எலியேசர். ரிட்டயர்டு தாசில்தார்.

உன் டாஸில் அதையே செய்து காட்டு. பத்திரிகையின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாதாமே? எட்டு எழுத்தில் எந்த ஊர்க் கல்யாணத்தை அடக்குவாய்? நீ நாளைக்கு லீவு போட்டால், உன் பெட்டியில் எது எங்கே இருக்கிறதென்று உன் மில்லில் ஒருத்தருக்காவது தெரியுமா? அதைத்தான் தனுஷ்கோடி கண்டுபிடித்துவிட்டார். பித்தெல்லாம் ஒன்றுமில்லை.

வருகிறாயா, இல்லையா? ஏசம்மாளை ஞாயிற்றுக்கிழமை சும்மா காக்க வைக்க மாட்டேன்.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
6-11-95

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாசமாகக் கடிதம் இல்லை. கோபமா, உடம்புக்கு ஏதுமா? இன்பம் எப்படி இருக்கிறாள்? சண்டை போடும் நிலையில் நான் இல்லை. அதனால் ஒழுங்காகவே எழுதுகிறேன்.

என் மேக்கின் பிளாப்பி டிரைவ் போய் ஒரு வாரம் ஆகிறது. சனிக்கிழமை சாயங்காலம் நன்றாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் எந்தப் பிளாப்பியையும் வாங்க மாட்டேன் என்கிறது. நமக்கு அச்சடிப்பது சிவகாசியில். பத்திரிகையை பிளாப்பியில் ஏற்றி அனுப்பினால்தான் அடிக்க முடியும். நான்கு கல்யாணப் பத்திரிகை உள்ளேயே கிடக்கிறது. கிறிஸ்துமஸ் ஆராதனை நோட்டீஸ் வேறு. இரண்டு வீட்டார் ஆர்டரைத் திருப்பிக்கொண்டு, வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனார்கள். மதுரை மெக்கானிக் வந்து திறந்து பார்த்தால்தான் உள்ளே என்ன ஆயிற்றென்று தெரியும். அவர் எப்போது வருவாரோ.

உனக்குத் தெரியாது, எங்கள் பெட்டியில் பிளாப்பியை வெளியே எடுக்கப் பட்டன் கிடையாது. திரையில் பிளாப்பியின் படம் இருக்கும். அதை மவுஸால் இழுத்துக் குப்பைத்தொட்டிப் படத்தில் போட்டால் தானாக வெளியே துப்பும். உள்ளே இருப்பது ஒன்றும் அழியாது. ஏசம்மாளுக்கு இது தூக்கத்திலும் தெரியும். அப்படியும் கெட்டிருக்கிறதென்றால், ஆத்திரத்தில் பிடுங்கியிருக்கிறாள். சனிக்கிழமை லீவு கேட்டாள், நான் தரவில்லை, முகத்தைத் தூக்கிக்கொண்டு கடைசியாக அவள்தான் பூட்டிவிட்டுப் போனாள். கேட்டால், "நான் செய்யலைக்கா. செஞ்சிருந்தா செஞ்சேன்னு சொல்ல எனக்கென்ன பயம்?" என்று எதிர்த்துப் பேசுகிறாள். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன்.

மனசு சரியில்லை. இரண்டு வரியாவது எழுது.

தங்கபாய்


ராஜபாளையம்
22-11-95

அன்பான அக்காவுக்கு எலியேசர் எழுதுவது. உடம்பு நலம். மில்லில் வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. இன்பம் இப்போது குனிந்து நிமிர்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குப்பைத்தொட்டியில் போட்டால் வெளியே வருமா! எந்த மகானுக்கு அக்கா இந்த ஞானம் உதித்தது? குப்பையில் போட்டால் போனதுதான் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். எங்கள் யந்திரத்தில் டிரைவுக்குப் பக்கத்திலேயே பட்டன் இருக்கிறது. அமுக்கினால் வருகிறது. இதைவிட லேசாக ஒரு சாமான் இருக்க முடியுமா? இதைத்தான் நீ எனக்கு உசத்தி என்று பாடம் எடுத்தாய்.

அந்தப் பெண்ணை அனுப்பியது அவசரம் என்று நினைக்கிறேன். அவளை என்ன சொல்வது? யாராக இருந்தாலும் முதலில் பட்டனைத்தான் தேடுவான். பட்டனும் இல்லை, பிடிக்க இடமும் இல்லை என்றால் இடுக்கியை விட்டு இழுக்கத்தான் செய்வான். உன் பெட்டி பிளாப்பியின் தகரமூடியைப் பிய்த்து உள்ளே வைத்துக்கொண்டு பிளாப்பியை மட்டும் கொடுக்கும். குற்றம் பெட்டியைச் செய்தவன் மேல்தான். முடிந்தால் அவளைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

டெஸ்ட் டிசம்பர் நடுவில். எனக்கு அதைப் பற்றி யோசனையே இல்லை.

எலியேசர்


ராஜபாளையம்
19-12-95

அக்காவுக்கும் அத்தானுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்.

இந்த வருஷம் பண்டிகைக்கு எங்களால் அங்கே வர முடியாது. இன்பத்துக்கு மறுபடியும் இடுப்பு.

டெஸ்ட் முடிந்தது. புது யந்திரம் சரியில்லை. ஒரு சின்னக் கோளாறு. தனுஷ்கோடி முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தார் என்பது என் அபிப்பிராயம். வெளியாட்களும் வரலாம் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்திருக்கிறார், எங்களுக்குச் சொல்லவேயில்லை. வரிசையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தது. விசாரித்தால், உன் ஏசம்மாள்.

இப்போது அவள்தான் என் நாற்காலியில் இருக்கிறாள். நான் தற்காலிகமாகக் குடோனில் பேல் எண்ணுகிறேன். சாயங்காலம் எண்ணிக்கையைக் கொண்டுபோய் அவளிடம் கொடுக்க வேண்டும். மரியாதையாகத்தான் இருக்கிறாள்.

விண்டோஸ் ஒரு விளங்காத சாமான். அதைப் பற்றி எழுதக் காகிதம் வீண்.

எலியேசர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
27-12-95

எலியேசர்,

சுகம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

மதுரை மெக்கானிக் நேற்றுத்தான் வந்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே பிளாப்பியின் தகரமூடி ஒன்று மடங்கிக் கிடந்தது. "யாரோ இடுக்கியைப் போட்டுப் பிடுங்கியிருக்காக" என்றார். உன் நவம்பர் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன்.

தகரமூடி உள்ளே கிடப்பது எனக்கே தெரியாதே, உனக்கு எப்படிலே நவம்பரிலேயே தெரிந்தது? இடுக்கி என்று நான் எந்தக் கடிதத்தில் எழுதினேன்? பெட்டி மூடியபடி இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறதென்று அதைக் கெடுத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். தொடமாட்டேன் என்று எழுதித் தந்தாயே. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் கோவிலில் ஆராதனையில் இருந்தபோது உன் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே வந்திருக்கிறாய். கற்றுக்கொள்ளத்தானே வந்தாய்? நான்தானே வா, வா என்று கூப்பிட்டேன்? ஏசம்மாளிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். பிளஸ் டூவில் கோட்டை விட்டவளிடம் கேட்கக் கூடாதென்று, உள்ளே போட்ட பிளாப்பியை எடுக்க இடுக்கியைத் தேடியிருக்கிறாய். டிரைவ் போனது போகட்டும். அவளை நான் அனுப்பிவிட்டேன் என்று எழுதிய பொறவும், அவசரப்பட்டுவிட்டாய் என்று எனக்கே புத்தி சொன்னாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

உன் டாஸும் ஒன்றுதான், நீயும் ஒன்றுதான். தப்பு எங்கே என்று இரண்டும் சொல்லாது.

ஏசம்மாளுக்கும் இன்றைக்கே எழுதிவிட்டேன். நடந்தது அத்தனையும் எழுதி, மன்னித்துக்கொள், திரும்பி வா என்று கேட்டிருக்கிறேன். அவள் வீட்டு விலாசம் என்னிடம் இல்லை. மில் விலாசத்துக்குத்தான் போட்டிருக்கிறேன்.

தங்கபாய்


ராஜபாளையம்
29-12-95

அக்கா,

அந்தக் கடிதத்தை நிறுத்த முடியுமா? உங்கள் தபால் ஆபீஸில் கேட்டுப் பார். எனக்கு நாற்காலி இருந்தபோது மில் தபால் பை என் மேஜைக்குத்தான் வரும். இப்போது அவள் மேஜைக்குப் போகிறது.

நீ என்னை என்ன சொன்னாலும் தகும். ஆனால் அவளிடம் மட்டும் சொல்லாதே. போன வாரம் அவள் தனுஷ்கோடியிடம் போய் எனக்காகப் பேசியிருக்கிறாள். "அண்ணாச்சிக்கு இன்னொரு டெஸ்ட் வையிங்க, நானே சொல்லித் தாரேன்" என்றிருக்கிறாள். ஈஸ்டர் வரைக்கும் டைம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது யந்திரம் வருகிறது, அதில் என்னைப் போடுவார்கள். மூன்று நாளாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன். மவுஸ் இப்போது வழுக்கவில்லை.

குடோனில் எனக்கு மூச்சு முட்டுகிறது அக்கா. இன்பத்திடம் இன்னும் குடோன் என்றே சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை எப்படியாவது நிறுத்து.

எலியேசர்


ராஜபாளையம்
4-1-96

தங்கபாய் அக்கா அவர்களுக்கு, ஏசம்மாள் புது வருஷ வாழ்த்துச் சொல்லி எழுதுவது. நான் சுகம். நீங்களும் சாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை மில் தபாலில் வந்தது. திரும்பி வரச் சொல்லியிருந்தீர்கள். நான் வரவில்லை. மேக்கை எனக்குப் பிடிக்கும். விண்டோஸ் அந்த அளவுக்கு இல்லை, எதைத் தொட்டாலும் நாலு தடவை கேட்கிறது. ஆனால் கேட்டுவிட்டுத்தான் செய்கிறது. நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை அக்கா. நான் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. சுந்தரபாண்டியத்தில் என் வீட்டில் இரண்டு வாரம் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, சாமானை உடைத்துவிட்டு வந்தவள் என்று.

எலியேசர் அண்ணாச்சி டெஸ்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார். நான் எழுதுகிறேன். மேனேஜர் ஒரு பிளாப்பியை யந்திரத்தில் போட்டுக் கொடுத்தார். உள்ளே தறிக்காரர்களின் ஓவர்டைம் கணக்கு. திறந்து காட்டிவிட்டு பிளாப்பியை வெளியே எடுங்கள் என்றார். அண்ணாச்சி நன்றாகத்தான் திறந்தார். எடுக்கச் சொன்னபோது திரையில் குப்பைத்தொட்டியைத் தேடினார். இந்த யந்திரத்திலும் ஒன்று இருக்கிறது. பிளாப்பியில் இருந்த கணக்கு எல்லாவற்றையும் இழுத்து அதில் போட்டார். அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கினார். பிளாப்பி வெளியே வரும் என்று கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். பட்டன் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது, ஒன்பது வருஷமாக அமுக்கின அதே பட்டன். கணக்கு மொத்தமும் போய்விட்டது. பிளாப்பியிலிருந்து அழித்தால் இந்தத் தொட்டியில்கூடத் தங்காது. அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "சார், வேற ஒரு மெஷின்ல அப்படித்தான் எடுக்கணும், அண்ணாச்சி அதை நினைச்சுட்டாங்க" என்று நான்தான் மேனேஜரிடம் சொன்னேன். அந்த மெஷினை அவர் உங்கள் முன்னறையில்தான் தொட்டிருக்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

பாவமாக இருந்தது. அதனால்தான் ஈஸ்டர் வரைக்கும் டைம் கேட்டு வாங்கினேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக் கொடுத்தேன். சுமாராக வந்துவிட்டார். இன்னும் ஒரு மாசம் உட்கார்ந்திருந்தால் தேறியிருப்பார்.

உங்கள் கடிதத்தை அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் பிரித்தேன். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் மவுஸை விட்டுவிட்டார். முழுக்கப் படித்தேன். மடித்து வைத்தேன். அன்றைக்குச் சொல்ல வேண்டிய பாடத்தையும் சொல்லி முடித்தேன். நான்தான் செய்தேன் என்று அவர் சொல்லவில்லை. "எழுதினது அக்காவா, சுகமா இருக்காகளா?" என்று மட்டும் கேட்டார். சுகம்தான் என்றேன்.

அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக அவர் வேறு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்றைக்குச் சாயங்காலம் மேனேஜர் அறைக்குப் போனேன். அண்ணாச்சிக்குச் சொல்லித் தர எனக்கு நேரமில்லை, இரண்டாவது யந்திரத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சரி என்று எழுதிக்கொண்டார். ஏன் என்று கேட்டார், காரணம் சொல்லவில்லை.

அண்ணாச்சிக்கு இன்னும் தெரியாது. நாளைக்கு மத்தியானமும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து உட்காருவார். சொல்வதாக இருந்தால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

சாருக்கு என் வணக்கம்.

ஏசம்மாள்